கேளுங்க அண்ணாச்சி: கிட்டங்கியில் பிறந்த தாளம்

போன இதழில் ஒரு பத்தி எழுதிவிட்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பழைய அரிசி ஆலைக் கிட்டங்கியில், ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், என் தங்கை மகனும் அவன் கூடப் படித்த பெண்ணும் சேர்ந்து மூன்றரை மணி நேரம் டிஜே வாசித்ததை எழுதியிருந்தேன். பாக்ஸும் ஜெனரேட்டரும் கொண்டுபோய் இறக்கினது நான்தான் என்பதையும் மறைக்கவில்லை. 35 வருஷம் ரேடியோ செட் போட்டவன் இதற்கெல்லாம் துணை போகலாமா என்று கேட்டு மட்டும் 9 கடிதம். அவற்றை ஓரமாக வைத்துவிட்டேன். மற்றவை உருப்படியான கேள்விகள்.

*'பேக் டு பேக்' என்று எழுதியிருந்தீர்கள். சென்னையில் வேலை பார்க்கும் என் மகனும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான். முதுகோடு முதுகு ஒட்டி நின்று வாசிப்பதா? ஒருவர் வாசிக்கும்போது மற்றவருக்கு என்ன வேலை?*
வாசகி, பாளையங்கோட்டை

முதுகு ஒட்டவில்லை அக்கா, தோள்தான் இடித்துக்கொண்டது. மேஜை அவ்வளவு சின்னது. ஆலையில் நெல் கணக்கு எழுதின பழைய மேஜை. அதன்மேல் இரண்டு பிளேயர், நடுவில் மிக்ஸர். ஒருவர் ஒரு பாட்டை விடுவார். அது முடியும் முன்பே அடுத்தவர் தன் பாட்டை அதற்கு அடியில் நுழைத்து, முந்தினதை மெல்ல வெளியே அனுப்புவார். எந்த இடத்தில் மாறியது என்று கேட்கிறவருக்குத் தெரியக் கூடாது. மாறி ஒரு நிமிஷம் கழித்து, "ஏ, இது வேற பாட்டுல்லா" என்று உறைக்க வேண்டும். இப்படியே மாற்றி மாற்றிக் கடைசி வரை.

கச்சேரியில் தனி ஆவர்த்தனம் கேட்டிருப்பீர்கள். மிருதங்கமும் கடமும் முதலில் நீளமாக மாற்றி மாற்றி வாசிக்கும். அப்புறம் குறைப்பு வரும். ஆவர்த்தனக் கணக்கு பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் இருவரும் சேர்ந்து கோர்வை வைப்பார்கள். அன்றைக்கு இவர்களும் முதலில் ஆளுக்கு மூன்று பாட்டு, எட்டு மணிக்கு மேல் ஆளுக்கு இரண்டு, ஒன்பதரைக்கு மேல் ஆளுக்கு ஒன்று என்றுதான் போனார்கள். குறைப்பு என்ற சொல்லையே மருமகன் கேட்டதில்லையாம்.

சும்மா நிற்கிறவருக்கு என்ன வேலை என்பதுதான் நல்ல கேள்வி. நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்ததால் அந்தப் பெண்ணின் கை நன்றாகத் தெரிந்தது. ஹெட்போனின் ஒரு பக்கம் காதில், மறு பக்கம் கழுத்தில். அடையாளத்துக்காகப் பச்சை நகச்சாயம் தடவின பென்டிரைவ். இடது கைக் கட்டைவிரல் மட்டும் விரல் கணுக்களை எண்ணிக்கொண்டே இருந்தது. அடுத்து விடுவதற்கு ஒரு பாட்டைத் தயாராக வைத்திருந்தாள். திடீரென்று அதை எடுத்துவிட்டு வேறொன்றைத் தேடினாள். ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை, எனக்குத்தான் படபடப்பு. "ஏம்மா மாத்துன?" என்று அப்புறமாகக் கேட்டேன். "அவன் போட்டதுல அந்தப் பொம்பளக் குரல் அப்பத்தான் ஓய்ஞ்சது மாமா. உடனே நான் வெச்சிருந்ததைப் போட்டா அறைஞ்ச மாதிரி இருக்கும்" என்றாள்.

உங்கள் மகனும் சும்மா நிற்கும் நேரத்தில் இதைத்தான் செய்துகொண்டிருப்பான்.

*டீப் ஹவுஸ், டெக்னோ இரண்டுமே என் காதுக்கு ஒரே 'டம் டம்'தான். அப்படி என்ன வித்தியாசம்? ஹவுஸ் என்றால் வீடா?*
வாசகர், தென்காசி

வீடு இல்லை, கிட்டங்கி! சிகாகோவில் 'வேர்ஹவுஸ்', அதாவது கிட்டங்கி, என்று ஒரு கிளப். 1977 முதல் 1982 வரை அங்கே ரெக்கார்டு சுழற்றினவர் ஃபிராங்கி நக்கிள்ஸ். அங்கே கேட்ட பாட்டைத் தேடிக் கடைக்குப் போனவர்கள் வேர்ஹவுஸ் பாட்டு வேண்டும் என்று கேட்கப் போய், சுருங்கிச் சுருங்கி 'ஹவுஸ்' ஆயிற்று என்பார்கள். கிளப் இருந்த தெருப் பகுதிக்கு 2004-ல் அவர் பெயரையே வைத்தார்கள். 2014-ல் காலமானார். நெல் மூட்டை அடுக்கின கிட்டங்கியில் அவர் வழி வந்த சங்கீதம் ஒலித்ததில் எனக்கு ஒரு தனித் திருப்தி. மருமகனுக்கு அந்தப் பொருத்தம் தெரிந்திருக்கவில்லை, நான்தான் சொன்னேன்.

டீப் ஹவுஸ் அந்த வீட்டின் அமைதியான பிள்ளை. லாரி ஹெர்ட் என்ற சிகாகோக்காரர், முதலில் டிரம்ஸ் வாசித்தவர், 'மிஸ்டர் ஃபிங்கர்ஸ்' என்ற பெயரில் 1986-ல் வெளியிட்ட 'கேன் யூ ஃபீல் இட்' அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நிமிஷத்துக்குச் சுமார் 118-லிருந்து 124 அடி. மேலே கீபோர்டில் நாலைந்து ஸ்வரம் சேர்த்துப் பிடித்த கார்டு, மழைக்கு முந்தின காற்று மாதிரி வந்து வந்து போகும். பேஸ் உருளும், குத்தாது.

டெக்னோ டெட்ராய்ட்டில் பிறந்தது. கார் ஆலைகளின் ஊர். பக்கத்தில் பெல்வில் என்ற ஊரில் பள்ளிக்கூடத் தோழர்களாக இருந்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரையும்தான் எல்லோரும் கை காட்டுவார்கள். 1988-ல் இங்கிலாந்தில் வெளியான ஒரு தொகுப்பு அட்டையிலேயே 'டெக்னோ' என்று போட, பெயர் ஊன்றிவிட்டது. அப்புறம் பெர்லின் சுவீகாரம் எடுத்துக்கொண்டது. பெர்லின் டெக்னோவை ஜெர்மனி தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிலேயே 2024-ல் சேர்த்தது. வேகம் பெரும்பாலும் 128-க்கு மேல், 140 வரை போகும். ராகம் பாடுவதெல்லாம் குறைவு. ஒரே உருவை ஓடவிட்டு அதில் ஒரு திருகாணியை மட்டும் மெல்லத் திருகிக்கொண்டே இருப்பார்கள்.

'டம் டம்' இரண்டிலும் ஒன்றுதான், உங்கள் காதில் கோளாறு இல்லை. நாலு அடியிலும் நாலு டம். டம்முக்கும் டம்முக்கும் நடுவில் ஒரு 'ட்ஸ்'. அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். வீட்டுக்குப் போகும்போது வாய் எதையாவது முணுமுணுத்தால் அது பெரும்பாலும் ஹவுஸ். வாய் சும்மா இருந்து, கால் மட்டும் நிற்காமல் போனால் டெக்னோ. ஆலையில் முன்பு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். டெக்னோ பக்கம் வந்ததும், "இது நம்ம பழைய ஹல்லர் ஓடுத சத்தம்லா, பெல்ட்டு லேசா வழுக்குது" என்றார். நானும் யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

இன்னொரு சங்கதி. ரோலண்ட் கம்பெனி 1983-ல் 909 என்று ஒரு டிரம் மெஷின் விட்டது. சரியாகப் போகாமல் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். பழைய மெஷினாக மலிவு விலைக்கு வந்ததும் பையன்கள் வாங்கினார்கள். டெட்ராய்ட்டின் டெரிக் மே தன்னுடைய 909-ஐ சிகாகோவுக்குக் கொண்டுபோய் விற்றது யாரிடம் தெரியுமா? ஃபிராங்கி நக்கிள்ஸிடம். சம்பந்தி வீடு அப்போதே முடிவாகிவிட்டது.

*சிங்க் பட்டனை அமுக்கினால் மெஷினே வேகத்தைச் சேர்த்துவிடுகிறது. இதற்கு ஆள் எதற்கு, கைத்தட்டல் எதற்கு?*
வாசகர், சங்கரன்கோவில்

வேகத்தைச் சேர்க்கும். எந்தப் பாட்டு, எந்த இடத்தில் என்று சொல்லாது.

நாங்கள் ரெக்கார்டு போட்ட காலத்தில் ஜெனரேட்டர் தணிந்தால் பாட்டும் இழுக்கும். மோட்டார் கரண்டின் சுற்றைப் பிடித்து ஓடும் ரகம். பாடகர் திடீரென்று கிழவராகிவிடுவார், பந்தலே சிரிக்கும். டெக்னிக்ஸின் எஸ்எல் 1200 எம்கே2 1979-ல் வந்தபோது அதில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு நீள ஸ்லைடர் வைத்தார்கள். மேலே 8 சதவீதம், கீழே 8 சதவீதம். எங்களுக்குச் சிரிப்பாக வந்த அதே இழுவையை டிஜேக்கள் வித்தையாக்கிவிட்டார்கள். வேகம் 6 சதவீதம் ஏறினால் சுருதியும் அரைக் கட்டை ஏறிவிடும். இப்போதைய பிளேயரில் சுருதியைப் பூட்டிவைத்துவிட்டு வேகத்தை மட்டும் ஏற்றலாம்.

அன்றைக்கு எட்டே காலுக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டரைக் கிளப்பி லைனை மாற்ற எனக்கு ஒரு நிமிஷம், பிளேயர் உயிர் வந்து பென்டிரைவைப் படிக்க இன்னும் அரை நிமிஷம். இருட்டில் அறுபது பேர். யாரோ ஒரு பையன் கைதட்ட ஆரம்பித்தான், மொத்தக் கிட்டங்கியும் பிடித்துக்கொண்டது. கூட்டம் தட்டினால் வேகம் ஏறத்தானே செய்யும்? அந்தப் பெண் மேஜை விளிம்பில் விரலால் கூடவே தட்டிக்கொண்டிருந்தாள். பிளேயர் விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. கைதட்டலின் வேகத்துக்கே ஒரு பாட்டை இழுத்து, பேஸ் இல்லாமல் வெறும் 'ட்ஸ் ட்ஸ்' மட்டும் முதலில் விட்டாள். தட்டுகிற கையோடு அது ஒட்டிக்கொண்டது. நன்றாக ஒட்டின பிறகுதான் பேஸைத் திறந்தாள். அதற்கு எந்தப் பட்டன் என்று நீங்களே சொல்லுங்கள்.

*நம் நாட்டில் அந்தக் காலத்திலேயே யாராவது இந்த மெஷின்களைத் தொட்டார்களா?*
வாசகர், கோவில்பட்டி

தொட்டார். சரண்ஜித் சிங், இந்திப் படங்களுக்கு வாசித்த மும்பைக் கலைஞர். 1982-லேயே ரோலண்டின் 808 டிரம் மெஷின், 303 பேஸ் மெஷின், ஜுபிடர் சிந்தசைசர் மூன்றையும் வைத்து 10 ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அப்போது சீந்துவாரில்லை. 2010-ல் மறுபடி வெளியிட்டபோது ஐரோப்பாக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். சிகாகோவில் அதே 303-ஐப் பேச வைப்பதற்குச் சில வருஷம் முந்தி நடந்த காரியம் இது.

*நானும் நண்பனும் சேர்ந்து வாசிக்கிறோம். எனக்கு டீப் ஹவுஸ், அவனுக்கு டெக்னோ. அரை மணி நேரம் நன்றாகப் போகும், அப்புறம் அவன் ஒன்று போட்டால் என் பாட்டு சப்பென்று ஆகிவிடுகிறது. நான் சத்தத்தைக் கூட்டுகிறேன், அவன் அதற்கு மேல் கூட்டுகிறான். போன மாதம் இரண்டு டுவீட்டர் போய்விட்டது. வழி சொல்லுங்கள்.*
வாசகர், சுரண்டை

டுவீட்டர் யாருடையது தம்பி? வாடகைக்கு எடுத்ததாக இருந்தால் அந்த ரேடியோ செட்காரர் சார்பில் முதலில் உன் காதைத் திருகுகிறேன்.

மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரிகிற வரை ஏற்றினால் சத்தம் அதிகமாகாது, அலையின் தலைதான் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட சத்தம் நேரே போய், கீச்சுச் சத்தம் தருகிற அந்தச் சின்ன ஸ்பீக்கரான டுவீட்டரின் சுருளைச் சுட்டுவிடும். ஆகவே மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டர் திருகாணியை நிகழ்ச்சிக்கு முன்பே சரியாக வைத்து, மேலே ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடு. நான் அன்றைக்கு அதைத்தான் செய்தேன். மருமகன் இரண்டு தடவை அதைப் பார்த்தான், என்னையும் பார்த்தான், தொடவில்லை.

அடுத்து வேகம். நீ 120-ல் நிற்பாய், அவன் 132-ல் வந்து விழுவான். பின்னே உன் பாட்டு சப்பென்று ஆகாமல்? தொடக்கம் 120, முடிவு 132 என்று இருவரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்தில் 12 அடிதான் ஏற வேண்டும். பாட்டுக்கு அரை அடி ஏற்றினாலே போதும், யாருக்கும் தெரியாது. 125, 126 பக்கம் இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு இடம் உண்டு. கார்டு உள்ள டெக்னோவும் கொஞ்சம் முறுக்கான ஹவுஸும் அங்கேதான் குடியிருக்கும். அந்த இடத்தில் ஆளுக்கு ஏழெட்டுப் பாட்டாவது கைவசம் இருக்கட்டும். அன்றைக்கு கிட்டங்கியில் ரொம்ப நேரம் ஓடினதும் அதுதான்.

இனி எண்ணிக்கை. இந்தப் பாட்டுகள் பெரும்பாலும் 32 அடிக்கு ஒருமுறை திரும்பும். 122 வேகத்தில் அது கிட்டத்தட்ட 16 விநாடி. எண்ணுவதற்கு மெஷின் வேண்டாம். விரலுக்கு மூன்று கணு, ஒரு நுனி, ஆக நாலு. நாலு விரலுக்கு 16. கட்டைவிரல் இரண்டு சுற்று வந்தால் 32. அந்தப் பெண்ணின் கட்டைவிரல் ஓடிக்கொண்டே இருந்தது இதற்குத்தான். அவள் பாட்டி பூக்காரருக்குக் கணக்குப் பார்க்கிற முறையாம். உன் பாட்டு அவன் பாட்டின் திருப்பத்தில் நுழையட்டும், நடுவில் நுழையாதே.

கடைசியாக பேஸ். ஒரு நேரத்தில் ஒரு பேஸ்தான், இதில் சமரசமே கிடையாது. இரண்டு பேஸ் சேர்ந்தால் குழம்பும் ரசமும் ஒரே இலையில் ஊற்றின மாதிரி ஆகிவிடும். உன் பாட்டை உள்ளே விடும்போது அதன் லோ திருகாணி, அதாவது பேஸைக் கூட்டிக் குறைப்பது, இடது பக்கம் கடைசி வரை போயிருக்க வேண்டும். மேல் சத்தம் மட்டும் 32 அடி, வேண்டுமானால் 64 அடி, அவன் பாட்டோடு ஓடட்டும். திருப்பம் வரும்போது அவனுடைய லோவை அவன் இறக்க, அதே அடியில் உன்னுடையதை நீ ஏற்ற வேண்டும். தனியாக வாசிக்கும்போது இரண்டையும் உன் இரண்டு கையே செய்யும். இங்கே இரண்டு பேரின் ஒவ்வொரு கை. என் மருமகன் தலையை லேசாக ஆட்டுவான், அவள் "ம்" என்பாள், இரண்டு கையும் ஒரே சமயத்தில் திரும்பும். பந்தி மாறும்போது ஒருவர் சட்டியை நீட்ட, மற்றவர் கரண்டியோடு வாங்கிக்கொள்வதைப் பார்த்திருப்பாயே, அந்த மாதிரி. உன் நண்பனிடம் போய் இதை மட்டும் ஒரு வாரம் பழகுங்கள், பாக்ஸ்கூட வேண்டாம், ஹெட்போனிலேயே பழகலாம்.

அவன் கார்டு இல்லாத வெறும் டிரம்மில் பாட்டை முடித்து விட்டால் உனக்கு வேலை சுலபம், நீயும் அவனுக்கு அப்படியே விடு. வாலை வெட்டாமல் கொடுக்க வேண்டும்.

*எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இந்த வருஷம் டிஜே வைக்க வேண்டும் என்று இளைஞர்கள் நிற்கிறார்கள். பெரியவர்கள் கூடாது என்கிறார்கள். உங்கள் தீர்ப்பு?*
வாசகர், வள்ளியூர்

தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம். சுடலை மாடன் கோயில், கணியான் கூத்து நடக்கிறது. மகுடம் என்பது அதில் அடிக்கிற தோல்வாத்தியம். உச்ச மகுடம் ஒருவர், மந்த மகுடம் ஒருவர், தோலைத் தீயில் காட்டிக் காட்டிப் பதம் வைத்து அடிக்கிறார்கள். ஒன்று கேட்க, ஒன்று பதில் சொல்ல, அண்ணாவி பாட, வேகம் மெல்ல மெல்ல ஏறுகிறது. சாமியாடிக்கு உடம்பு உதறத் தொடங்குகிற நேரம். அப்போது முக்கில் எட்டு பேஸ் பாக்ஸ் அடுக்கின ஒரு வண்டி பாட்டைத் திறந்தது. 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளமே 22 அடிக்கு மேல். ஓலைப் பந்தலும் சுவரும் அதை என்ன செய்யும்? மகுடம் கேட்கவில்லை. அடித்தவர்கள் கையை மட்டும்தான் பார்க்க முடிந்தது. சாமியாடி அப்படியே நின்றுவிட்டார். வாசித்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் மகுடத்தைத் துணியில் சுற்றிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

டிஜே மேல் எனக்குக் கோபம் இல்லை. மகுடமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித்தானே ஆளைத் தூக்குகிறது? டெக்னோ வாசிக்கிற பிள்ளைகள் ஒரு சாமக்கொடைக்கு வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது என் ஆசை. உங்கள் ஊரில் மறுநாள் சாயங்காலம், கோயிலை விட்டுத் தள்ளி, பள்ளிக்கூடத்து மைதானத்தில் வையுங்கள். ராத்திரி 10 மணிக்கு மேல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் வருஷத்திலிருந்து உள்ள விதி, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கொடையன்று வேண்டாம்.

*நீங்க ஆடினீங்களா அண்ணாச்சி?*
வாசகி, சேரன்மகாதேவி

ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றப் பின்னால் போனேன். அதற்கு மேல் கேட்காதீர்கள், என் வீட்டுக்காரி இந்தப் பத்திரிகையை வாசிக்கிறாள்.

*எங்கள் மாடியில் தகரக் கொட்டகை. பேஸ் வந்தாலே தகரம் 'ஜிர்ர்' என்கிறது. பாட்டே கேட்கவில்லை. பாக்ஸை மாற்ற வேண்டுமா?*
வாசகர், கடையம்

பாக்ஸை மாற்றாதீர்கள், காசு வீண். கிட்டங்கியிலும் இதே தொல்லைதான். மத்தியானமே போய், பேஸ் மட்டும் உள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, ஏணி போட்டு ஏறித் தகரத்தை ஒவ்வொரு இடமாகக் கையால் அமுக்கிப் பார்த்தோம். அமுக்கினதும் எங்கே ஜிர்ர் நிற்கிறதோ அங்கேதான் போல்ட் தளர்ந்திருக்கும். எங்களுக்கு நாலு இடம் அகப்பட்டது. பாக்ஸையும் சுவர் மூலையில் ஒட்டிவைக்காமல் நாலடி தள்ளி, அடியில் ஈரச் சாக்கு மடித்துப் போடுங்கள். போல்டை இறுக்கும்போது தகரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒரு துண்டு வைத்து இறுக்குங்கள்.